இருபத்தாறு சிலிண்டர்

ஜனவரி 6, திங்கள்

காலையில் எங்கள் மேலாளர் ஜோதிராமலிங்கம் சார் என்னையும் பக்கத்து மேசை முபீனாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, “இந்த வருஷம் நம்ம ஆபீஸ் விடுற மூச்சையெல்லாம் நீங்க ரெண்டு பேரும் அளக்கப் போறீங்க” என்றார். வேடிக்கை என்று நினைத்து முபீனா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

உலக மருத்துவ உதவிக் கூட்டமைப்புக்கு அறுபத்து மூன்று நாடுகளில் அலுவலகம் இருக்கிறது. தலைமையகம் வியன்னாவில். பயணப்படி, வண்டிச் செலவு, சம்பளப் பட்டியல் என்று யாரும் விரும்பாத வேலையெல்லாம் சென்னைப் பெருங்குடியில் எங்கள் மூன்றாவது மாடிக்கு வரும். இப்போது இதுவும் வந்திருக்கிறது. அறுபத்து மூன்று அலுவலகங்களும் போன வருஷம் எரித்த டீசல், வாங்கிய மின்சாரம், பறந்த விமானம் எல்லாவற்றையும் சேர்த்து, காற்றில் எத்தனை டன் பசுமை இல்ல வாயு கலந்தது என்று ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் முழுதாக அளந்ததில்லை. ஜூன் மாதம் ஆட்சிக்குழு கூடுகிறது. அதற்குள் முடிக்க வேண்டும்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். எடை என்றால் அவருக்குக் கண்ணில் தெரிய வேண்டும்.

“பொகைய எப்டிமா எட போடுவ? தராசுல நிக்குமா அது?”

“எரிச்ச டீசல அளந்தா போதும்பா. ஒரு லிட்டர் எரிச்சா ரெண்டரை கிலோவுக்கு மேல கார்பன் வாயு வரும்.”

“டீசலே லிட்டருக்கு ஒரு கிலோ வராதே. அதுலேர்ந்து எப்டி ரெண்டரை வரும்?”

காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் அதோடு சேர்ந்துகொள்கிறது என்றேன்.

“அப்ப காத்துகிட்டேர்ந்தும் புடுங்கிக்கிறோம்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போட்டார்.

ஜனவரி 17, வெள்ளி

எல்லா நாடுகளுக்கும் படிவம் அனுப்பியாகிவிட்டது. ஏழு வரிகள். முதல் ஆறில் எரிபொருள், மின்சாரம், பயணம் போன்றவை. ஏழாவது வரி குளிர்பதன வாயு. ஏ.சி., ஃப்ரிட்ஜ், தடுப்பூசி வைக்கும் குளிர் அறை ஆகியவற்றில் போன வருஷம் எவ்வளவு கேஸ் நிரப்பினீர்கள் என்பது கேள்வி. அந்த வாயு கசிந்து வெளியே போனால் டீசல் புகையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும்.

வியன்னாவில் இந்த வேலைக்குப் பொறுப்பாளர் லோரன்ஸ். வீடியோவில் பார்த்தால் நல்ல மனிதர்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நன்றி சொல்கிறார். “முதல் வருஷம் ஏழாவது வரி வேண்டாமே, யாரும் நிரப்பப் போவதில்லை” என்றார். விதிமுறையில் இருக்கிறது என்றாள் முபீனா. அவர் மறுபடி நன்றி சொன்னார்.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ஜனவரி 30, வியாழன்

எட்டு. அறுபத்து மூன்றில் எட்டே எட்டு.

பிப்ரவரி 7, வெள்ளி

நினைவூட்டல் கடிதம் அனுப்பி அனுப்பி விரல் வலிக்கிறது. வரும் பதில்களைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சாட் நாட்டிலிருந்து ஒருவர் ஒட்டகத்தின் படத்தை அனுப்பி, மருந்துப் பெட்டிகளை இதன் மேல்தான் கொண்டுபோகிறோம், இது விடும் வாயுவுக்கு எந்த வரி என்று கேட்டிருக்கிறார். மங்கோலியாக்காரர்கள் அலுவலக அடுப்பில் போடும் நிலக்கரியைக் கூடைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். முபீனா அவர்களிடம் ஒரு கூடையை எடை போட்டுச் சொல்லச் சொன்னாள். போட்டுச் சொன்னார்கள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அத்தை போன் செய்தாள். வரன் ஒன்று இருக்கிறதாம், இரண்டாம் தாரம்தானாம், ஆனால் சொந்த வீடாம். ஒருமுறை கல்யாணம் செய்து கோர்ட்டு வரை போய்த் திரும்பி வந்தது எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். ஏழு வருஷமாக இதையேதான் சொல்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மலாவி நாட்டில் பிளாண்டயர் என்ற ஊரில் எங்கள் தடுப்பூசிக் கிடங்கு இருக்கிறது. அங்கிருந்து படிவம் வந்தது. ஆறு வரிகள் ஒழுங்காக இருந்தன. ஏழாவது வரியில், குளிர்பதன வாயு, இருபத்தாறு சிலிண்டர். கணினி அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டது. அதே அளவுள்ள மற்ற கிடங்குகள் ஒன்று அல்லது இரண்டு எழுதியிருக்கின்றன. பாதிப் பேர் எழுதவே இல்லை.

லோரன்ஸுக்கு எழுதினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. தட்டச்சுப் பிழை, இரண்டு புள்ளி ஆறு என்று இருக்கும், அக்கம்பக்கத்து நாடுகளின் சராசரியைப் போட்டுவிடுங்கள், நன்றி.

சராசரியைப் போட எனக்குக் கை வரவில்லை. பிளாண்டயருக்கே போன் போட்டேன். கிடங்குப் பொறியாளர் எடுத்தார். ஆங்கிலத்தில் என் பெயரைச் சொன்னேன்.

“தமயந்தியோ? நீங்கள் தமிழே?”

ஆப்பிரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் வரும் என்று எதிர்பார்த்து யார் போன் செய்வார்கள். பெயர் தவநேசன். பருத்தித்துறைக்காரர்.

“ஏழாவது வரியில இருபத்தாறுன்னு இருக்கு. புள்ளி விட்டுப்போச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்” என்றேன்.

“இல்லை, பிழை இல்லை. இருபத்தாறுதான். நான் இங்கை வந்து மூண்டு மாசம். முந்தி இருந்த ஆக்கள் நிரப்பினதையும் சேத்துத்தான் எழுதினனான்.”

“அவ்வளவு கேஸ் எங்க போகுது?”

அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“அதை ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார். “அறை குளிரா இருக்குது. குறைஞ்சா நிரப்புவினம். அவ்வளவுதான்.”

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இருபத்தாறு சிலிண்டர் என்றால் ஆயிரத்து நூறு டன். வியன்னாத் தலைமையகம் மொத்தமும் ஒரு வருஷம் விமானத்தில் பறந்ததைவிட அதிகம். ஒரே கிடங்கு. முபீனா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அக்கா, இது பிழையா இருந்தா நல்லாருக்கும்” என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஜோதிராமலிங்கம் சாரிடம் சொன்னேன். லோரன்ஸ் சராசரி போடச் சொல்லியிருக்கிறார், எண் பிழையில்லை என்று தெரிந்த பிறகும் அப்படிச் செய்தால் அது அளவு இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியன்னாவோடு சண்டை வேண்டாம் என்பது அவருடைய பல வருஷக் கொள்கை. “அந்த வரி இப்ப அப்படியே நிக்கட்டும். ஜூன் வரைக்கும் டைம் இருக்கு” என்றார். சம்மதமா, தள்ளிப்போடலா என்று புரியவில்லை.

காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட் பழசாகிவிட்டது, ஒரு பக்கம் கேட்பதில்லை. வேளச்சேரியில் புதிதாக ஒன்று வாங்கினேன்.

பிப்ரவரி 26, புதன்

தவநேசன் தினமும் ஒருமுறை கூப்பிடுகிறார். வேலை விஷயம்தான். பிளாண்டயரில் இப்போது மழைக்காலம், மலையடிவாரத்து ஊர், காலையில் மூடுபனி இறங்கும் என்றார். இதையும் தெரிந்துகொள்வது நல்லதுதான், குளிர் அறை எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு வெளிச் சூடு முக்கியம்.

கிடங்கில் இருக்கும் மூன்று குளிர் அறைகளும் ஒரே குழாய் அமைப்பில் ஓடுகின்றனவாம். மார்ச் கடைசியில் நாலு லட்சம் குழந்தைகளுக்கான தட்டம்மைத் தடுப்பூசி அங்கே வந்து இறங்கப் போகிறது. மே மாதம் நாடு முழுக்க முகாம். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“கசிவு எங்கன்னு கண்டுபிடிக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“மிஷின் ஒண்டு இருக்கு, கசிவைக் காட்டுறது. இங்கை இல்லை. வேற ஊரிலையிருந்து எடுப்பிக்க ஒரு மாசம் செல்லும். சவுக்காரத் தண்ணியிலை பாக்கலாம். குழாய் முழுக்கத் தேய்க்கவேணும்.”

“தேய்ங்களேன்.”

அவர் சிரித்தார். “சரி, தேய்க்கிறன். நீங்கள் இருந்து பாக்கவேணும்.”

மார்ச் 4, செவ்வாய்

நீலப் பட்டுப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மற்றதெல்லாம் துவைக்கப் போட்டிருந்தது.

மதியம் வீடியோவில் பிளாண்டயர். தவநேசனை முதன்முறையாகப் பார்த்தேன். குரலை வைத்து நினைத்ததைவிட உயரம், தலையில் பாதி நரை. ஒரு வாளி நிறைய சோப்புத் தண்ணீர், ஒரு பஞ்சு. அவருடைய உதவியாளர் போனைப் பிடித்துக்கொள்ள, ஏணியில் ஏறிக் குழாயின் ஒவ்வொரு மூட்டாகத் தேய்த்துக்கொண்டே போனார். நானும் முபீனாவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதல் அறையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது அறையிலும் இல்லை. மூன்றாவது அறைக்குப் பின்னால், சுவரில் குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டை இருக்கும் இடத்தில் பஞ்சை எடுத்ததும் நுரை அசைந்தது. சின்னச் சின்னக் குமிழி. குழந்தைகள் ஊதி விளையாடுவது போல ஒன்றன் பின் ஒன்றாக வந்து, பெரிதாகி, உடைந்து, மறுபடி வந்தது.

“பாக்கிறியளே?” என்றார்.

“பாக்குறேன்.”

“இரும்பு உராஞ்சு உராஞ்சு குழாய் தேய்ஞ்சுபோச்சு. எத்தினை காலமா எண்டு தெரியேல்லை.”

ஆயிரத்து நூறு டன் அந்தக் குமிழி வழியாகத்தான் போயிருக்கிறது. முபீனா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியாது.

மார்ச் 6, வியாழன்

கசிவைக் கண்டுபிடித்தால் அடைத்துவிடுவார்கள் என்று நினைத்தது என் தவறு. அடைக்க வேண்டுமானால் மூன்று அறைகளையும் இரண்டு மூன்று நாள் நிறுத்த வேண்டும். உள்ளே இருக்கும் மருந்தையெல்லாம் வேறு எங்கோ கொண்டுபோக வேண்டும். மலாவி அலுவலகத்தின் தலைவர் டாக்டர் தாண்டிவே ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார்.

தவநேசனுக்கு அவர் மேல் கோபமில்லை. “அவ பழைய கிடங்கிலை ஒருக்கா ரிப்பேருக்கெண்டு திறந்து, சாமான் வராமல் ஒரு மாசம் பூட்டிக் கிடந்ததாம். மருந்தெல்லாம் பழுதாப் போச்சாம். ஓடுற மிஷினைத் தொடாதை எண்டுறா. நான் என்ன சொல்ல?”

மார்ச் 10, திங்கள்

நாள் முழுக்க யோசனை. சோறு குழைந்துவிட்டது, அப்பா அதையே சாப்பிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

பதில் என் கையிலேயே இருந்திருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் வருஷத்துக்கு இருபத்தாறு என்ற மொத்தம் மட்டும்தான். எந்த மாதம் எத்தனை என்று தவநேசனைக் கேட்டு வாங்கினேன். போன வருஷம் ஜனவரியிலிருந்து மாதம் ஒன்று. மே மாதத்திலிருந்து இரண்டு. ஆகஸ்டிலிருந்து மூன்று. டிசம்பரில் நான்கு. இந்த வருஷம் பிப்ரவரியில் ஐந்து. ஓட்டை ஒரே அளவில் இல்லை, வளர்ந்துகொண்டே இருக்கிறது.

“மே மாசம் முகாம் நடக்கும்போது எத்தன ஆகும்?” என்று கேட்டேன்.

“இதே மாதிரிப் போனால் ஏழு, எட்டு. குழாய் பிளக்காமல் இருந்தால்.” பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. “இந்த ஊருக்கு மாசத்துக்கு ஆறு சிலிண்டர்தான் வரும், தமயந்தி. ஆறுக்கு மேலை காசு குடுத்தாலும் கிடையாது.”

நாளை டாக்டர் தாண்டிவேயோடு பேச நேரம் வாங்கியிருக்கிறேன். ஜோதிராமலிங்கம் சாரிடம் சொன்னேன். நானும் வந்து உட்காருகிறேன் என்றார். எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 12, புதன்

டாக்டர் தாண்டிவே ஐம்பது வயதுப் பெண்மணி. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுவார். சென்னையில் இருக்கும் கணக்காளர் தனக்கு இயந்திரம் பற்றிச் சொல்லப் போகிறாரா என்றுதான் ஆரம்பித்தார். இயந்திரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் நிரப்பிய சிலிண்டர்களைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்றேன். மாதவாரியாகக் கோடு வரைந்து திரையில் காட்டினேன். மே மாதத்தில் கோடு ஏழைத் தாண்டும். ஊருக்கு வருவது ஆறு. இந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் நாளில் உங்கள் கிடங்கில் நாலு லட்சம் தடுப்பூசி இருக்கும் என்றேன்.

அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

“இதை யார் கேட்டு வரைந்தீர்கள்?”

“யாரும் கேட்கவில்லை. வாயுவை அளக்கத்தான் இறங்கினேன். அளந்தபோது இது தெரிந்தது.”

“இப்போது கிடங்கில் எவ்வளவு மருந்து இருக்கிறது?” என்று தவநேசனைக் கேட்டார். கால்வாசிதான், பெரிய சரக்கு இன்னும் வரவில்லை என்றார் அவர். ஊரில் பூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியிடம் குளிர்க்கிடங்கு இருக்கிறது, பேசிப் பார்த்தேன், அதே குளிரில் ஒரு அறையை நாலு நாள் விட்டுத் தருகிறார்கள் என்றும் சொன்னார். எனக்கே அது புதுச் செய்தி.

டாக்டர் தாண்டிவே நாற்காலியில் சாய்ந்தார். “மாற்றுக் குழாய் கையில் வந்த பிறகுதான் ஓடும் இயந்திரத்தை நிறுத்துவீர்கள். அதற்கு முன்னால் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது” என்றார். அதுதான் சம்மதம்.

கூட்டம் முடிந்ததும் ஜோதிராமலிங்கம் சார் எழுந்து போய் எனக்கும் முபீனாவுக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தார். இந்த மாடியில் இப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

அடைத்தாகிவிட்டது. மருந்து பூக்களோடு மூன்று நாள் இருந்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பியது. வெட்டி எடுத்த குழாய்த் துண்டின் படத்தைத் தவநேசன் அனுப்பினார். தேய்ந்த இடம் காகிதம் போல மெல்லிதாக இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும்.

“இன்னும் ரெண்டு மூண்டு கிழமையிலை வெடிச்சிருக்கும்” என்றார். “டாக்டர் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கித் தன்ரை மேசையிலை வைச்சிருக்கிறா.”

அப்பாவிடம் சொன்னபோது, “அந்த மலாவி தம்பிக்கு ஊர்ல யாரு இருக்காங்க?” என்று கேட்டார். அம்மாவும் ஒரு தங்கையும், சண்டைக் காலத்தில் கல்யாணம் தள்ளிப் போனதாம் என்றேன். “இதெல்லாம் படிவத்துல எந்த வரில வரும்?” என்றார். நான் தட்டைக் கழுவப் போனேன்.

ஏப்ரல் 2, புதன்

புதிதாக ஒரு கடிதம் எழுதி அறுபத்து மூன்று நாடுகளுக்கும் அனுப்பினேன். இந்தமுறை படிவமும் இல்லை, விதிமுறை எண்ணும் இல்லை. பிளாண்டயரில் நடந்ததை அப்படியே எழுதி, கீழே ஒரே கேள்வி. உங்கள் குளிர் அறையில் நிரப்பும் வாயு எங்கே போகிறது?

ஏப்ரல் 9, புதன்

ஒரு வாரத்தில் நாற்பத்தோரு பதில்.

ஏப்ரல் 24, வியாழன்

நேபாளத்திலும் லைபீரியாவிலும் பெருவிலும் கசிவு கண்டுபிடித்திருக்கிறார்கள். மூன்று இடத்திலும் சோப்புத் தண்ணீர். பெருவிலிருந்து குமிழியின் வீடியோ வந்தது, பின்னணியில் நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள். சாட் நாட்டு ஒட்டகக்காரர்கூட ஏழாவது வரியை நிரப்பிவிட்டார்.

மே 8, வியாழன்

அறுபத்து மூன்று.

கடைசியாக வந்தது பசிபிக் தீவு ஒன்றிலிருந்து. முபீனா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். மாடி முழுக்கச் செய்தி போய், யாரோ மைசூர்பாகு கொண்டுவந்தார்கள். மொத்தம் தொண்ணூற்றோராயிரத்து நானூறு டன். அதில் எட்டில் ஒரு பங்கு ஏழாவது வரி.

தவநேசனிடம் முதலில் சொன்னேன். வியன்னாவுக்குப் பிறகு சொன்னேன். பிளாண்டயர் பக்கத்தில் இருப்பதால் இல்லை. அது தூரம்தான்.

மே 13, செவ்வாய்

லோரன்ஸுக்கு எண் பிடிக்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் அவரே ஆட்சிக்குழுவுக்கும் நிதி தரும் நாடுகளுக்கும் ஒரு உத்தேச மதிப்பைச் சொல்லியிருக்கிறார். எழுபதாயிரம் டன். இப்போது தொண்ணூற்று ஒன்று என்றால் என்ன சொல்வது. “ஏழாவது வரியை மொத்தத்தில் சேர்க்காமல் பின்னிணைப்பில் போடலாம், எண்பதாயிரத்துக்கு வந்துவிடும். யாரும் பொய் சொன்னதாக ஆகாது” என்றார். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஆனாலும் சொன்னேன். “அந்த வரி இல்லாமல் நான் கையெழுத்துப் போட முடியாது. அறுபத்து மூன்று இடத்தில் ஆட்கள் ஏணியில் ஏறித் தேய்த்திருக்கிறார்கள்.”

அவர் ஜோதிராமலிங்கம் சாரைப் பார்த்தார். திரையில் மூவரும் இருந்தோம். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்காமல் மேசையில் வைத்தார்.

“சென்னை மையத்தின் கையெழுத்து அந்த வரியோடுதான் வரும், மிஸ்டர் லோரன்ஸ்.”

அப்புறம் இணைப்பைத் துண்டித்ததும் என்னைப் பார்த்து, “ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. அவங்களால என்னைய என்ன பண்ணிட முடியும்?” என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மே 19, திங்கள்

முகாம் தொடங்கிவிட்டது. தவநேசனுக்குப் பேசவே நேரமில்லை. செய்தி மட்டும் வருகிறது. அறைகள் மூன்றும் நாலு டிகிரி. நாலு டிகிரி. இன்றும் நாலு டிகிரி.

இவ்வளவு இனிப்பான எண்ணை நான் பார்த்ததில்லை.

ஜூன் 3, செவ்வாய்

லோரன்ஸ் தனியாக அழைத்தார். இரண்டு வாரம் யோசித்திருக்கிறார்.

“ஆட்சிக்குழு முன்னால் நீங்களே பேசுங்கள்” என்றார். “நான் பேசினால் என் பழைய எண்ணைக் காப்பாற்றப் பார்ப்பேன். எனக்கே தெரியும். நன்றி.”

இந்தமுறை நன்றி கடைசியில் வந்தது.

ஜூன் 12, வியாழன்

எழுதும்போதும் காது சூடாக இருக்கிறது. ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

வியன்னாவில் வட்ட மேசையைச் சுற்றி ஆட்சிக்குழு உறுப்பினர்கள். பெருங்குடியில் பெரிய திரைக்கு முன்னால் நான், முபீனா, சார். எங்கள் பின்னால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாடி முழுக்க நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தேன். அதன் பிறகு நிற்கவில்லை.

முடித்ததும் நிதி தரும் நாட்டின் பிரதிநிதி ஒருவர் கேட்டார். கேள்வி வரும் என்று தெரியும், இவ்வளவு நேராக வரும் என்று தெரியாது.

“இரண்டு வருஷம் முன் எழுபதாயிரம் என்றீர்கள். இப்போது தொண்ணூற்றோராயிரம். அப்படியானால் இந்த அமைப்பு மோசமாகிவிட்டதா?”

“இல்லை, வாயு கூடவில்லை” என்றேன். “அன்றைக்கும் இவ்வளவுதான் இருந்திருக்கும். நாம் பார்க்கவில்லை. எழுபதாயிரம் என்பது நாம் நினைத்தது. இது அளந்தது. நினைத்ததை வைத்துக்கொண்டு ஒரு ஓட்டையைக்கூட அடைத்திருக்க முடியாது. அளந்ததால் இதுவரை நான்கை அடைத்திருக்கிறோம். அடுத்த வருஷம் இந்தத் தொண்ணூற்றொன்று குறையும். எங்கே குறையும் என்று ஒவ்வொரு இடமாக என்னால் சொல்ல முடியும்.”

மேசையின் மறுபக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. டாக்டர் தாண்டிவே. முகாம் அறிக்கைக்காக வியன்னாவுக்கு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. எழுந்து நின்று, கைப்பையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“நாங்கள் மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரம் குழந்தைகளுக்கு ஊசி போட்டோம். ஒரு குப்பிகூடக் கெடவில்லை. இந்தப் பெண் எங்கள் இருபத்தாறைப் பிழை என்று விட்டிருந்தால், நான் இன்று வேறு ஓர் அறிக்கையோடு வந்திருப்பேன்.”

வாக்கெடுப்பு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முழு எண் ஏற்கப்பட்டது. இனி ஒவ்வொரு வருஷமும் ஏழு வரிகளும். எல்லாக் குளிர் அறைக்கும் கசிவு காட்டும் கருவி. டீசல் ஜெனரேட்டர் அதிகம் ஓடும் பன்னிரண்டு இடங்களில் சூரிய மின்சாரம், அதில் முதலாவது பிளாண்டயர். சென்னையில் இதற்கென்று தனிப் பிரிவு. பொறுப்பாளர் பெயரை வாசித்தபோது அது என் பெயர் என்று புரிய முபீனா முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது. திரையில் லோரன்ஸ் கைதட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

கண்ணாடிக் கதவு திறந்து மாடி முழுக்க உள்ளே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப நெஜமாவே எட போட்டுட்ட” என்றார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

தவநேசன் ஊருக்குப் போகும் வழியில் சென்னை வந்தார். சூரிய மின்சாரத் திட்டம் பற்றி நேரில் பேச வேண்டியது நிறைய இருந்தது. விமான நிலையத்துக்கு நான் போவதாகத்தான் ஏற்பாடு. அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெளியே வரும் கூட்டத்தில் அவரே எங்களைக் கண்டுகொண்டு வந்தார். திரையில் இத்தனை மாதம் பேசிய ஆள் இப்போது எதிரில். “சுகமா இருக்கிறியளே?” என்றார். இருக்கிறேன் என்றேன். அதோடு நின்றது. அப்பாதான் பெட்டியின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

“இன்னா தம்பி, எத்தன நாள் லீவு?”

“ஒரு மாசம், ஐயா.”

“ஊருக்கு எப்ப?”

“நாளைக்குக் காலமை பிளேன். டிக்கெட் எடுத்திட்டன்.”

“நாளைக்கேவா” என்று அப்பா சொல்லிவிட்டு, கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது போல முன்னால் போய்விட்டார்.

தவநேசன் என்னைப் பார்த்தார். “மாத்தலாம்” என்றார். “மாத்தச் சொன்னால்.”

வண்டிகளின் ஹாரன், சுமை தூக்குபவர்களின் கூப்பாடு, தலைக்கு மேல் ஏறிப் போகும் ஒரு விமானம். அது எத்தனை டன் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

“மாத்துங்க” என்றேன்.